மூன்றாவது முடிச்சு

"தாமரைச்செல்வி ஏற்கெனவே வீட்டுக்குள் இருக்கிறார்" என்றது கதவு.

வாசலில் பெட்டியோடு நின்ற தாமரைச்செல்விக்குச் சுருக்கென்றது. குரலறி பூட்டின் மேல் பிழையில்லை. அவளுடைய பதிலி ஆறு வருஷமாக இந்தக் கோவில்பட்டி வீட்டில்தான் இருக்கிறது.

ஊரை விட்டுப் போனவர்களின் முகம், குரல், நினைவுகளை ஏற்றிய இயந்திரம்தான் பதிலி. இப்போது தெருவுக்கு நாலு வீட்டில் பிள்ளைகள் இருக்க வேண்டிய இடத்தில் பதிலிகள். கண்டுபிடித்தவள் இவள். முதலாவதை அம்மாவிடம் விட்டுவிட்டுச் சென்னையில் கம்பெனி தொடங்கினாள். அதைச் சிங்கப்பூர்க்காரர்கள் வாங்கத் தயார். ஒரே வீட்டில் ஆறு வருஷம் பழகிய அந்த முதல் பதிலியும் சேர்த்து வேண்டுமாம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் எல்லாம் கைநழுவிப் போகும்.

அம்மா சண்முகத்தாய் கதவைத் திறந்து, உட்காரவைத்து இலை போட்டாள். பதிலி பரிமாறியது. அம்மா சர்க்கரையை விட்டு மூன்று வருஷமானது அதற்குத் தெரிந்திருந்தது, இவளுக்குத் தெரியவில்லை. வந்த காரியத்தை ஒருவழியாகச் சொன்னபோது தம்பி தலைகுனிந்தான். தம்பி மனைவி பேச்சியம்மாள் தாலிக்கயிற்றைத் தொட்டுக் காட்டினாள்.

"எங்க கல்யாணத்துக்கு நீங்க வரல மதினி. மூணாவது முடிச்சு போட்டது அவுக. எனக்கு நாத்தனான்னா அவுகதான்."

வீட்டார் அத்தனை பேரும் சம்மதிக்காமல் பதிலியை எடுக்க முடியாது. ஓராண்டாக அங்கே தங்காதவர் வீட்டாரும் அல்லர். கம்பெனியின் இந்த விதியை எழுதியவளும் தாமரைச்செல்விதான். எங்கோ இருந்துவிட்டுத் திடீரென்று வரும் பிள்ளைகள் உரிமை கொண்டாடக் கூடாதென்று எழுதியது.

அம்மாதான் இறங்கி வந்தாள். "ஏட்டி, தாராளமா கூட்டிட்டுப் போ. இவுகள நான் சரிக்கட்டுதேன். அவ இருந்த இடத்துல நீ இருக்கணும், அவ்வளவுதான்."

தாமரைச்செல்விக்கு இருக்கத்தான் ஆசை. ஆனால் விற்ற பிறகும் இரண்டு வருஷம் சிங்கப்பூரில் இருந்து கம்பெனியை நடத்தித்தர வேண்டும் என்பது ஒப்பந்தம். வாயில் பழகிய பதில்தான் வந்தது.

"அடுத்த மாசம் வந்து பத்து நாள் இருக்கேம்மா."

அம்மா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இந்த ஒரு வார்த்தைய மட்டும் அவ சொன்னதே இல்லட்டி."

பதிலி இல்லாமல் பெட்டியோடு தெருவில் இறங்கியவளுக்கு அம்மா விசும்புவது கேட்டது. மனசு கேட்காமல் திரும்பிப் படியேறினாள். அதற்குள் உள்ளே அவளுடைய குரலே பேசியது.

"அழாதம்மா. நான் இருக்கேம்லா."

அவள் கதவைத் தட்டவில்லை.