சுண்டெலியின் பனிப் பிறந்தநாள்

மூடிக் கிடந்த ஐஸ் ஃபேக்டரியின் வாசலில் அவள் காரை நிறுத்தியபோது மணி மூன்று. வெயில் மண்டையைப் பிளந்தது. கேட்டுக்கு உள்ளே முட்செடிகள் இடுப்பளவு வளர்ந்திருந்தன. அவற்றைத் தாண்டி ஜன்னலே இல்லாத ஒரு நீளமான கட்டடம். பார்த்ததுமே அவளுக்குப் பிடித்துப் போய்விட்டது.

அவளைத் தெரிந்தவர்கள் எல்லோரும் பலூன்காரி என்றுதான் கூப்பிடுவார்கள். பிறந்தநாள் விழாக்களுக்கு அலங்காரம் செய்கிறவள். நாலு பலூனைக் கட்டிவிட்டுப் போகிற ரகம் இல்லை. காடு கேட்கிற பிள்ளைக்குக் காடு, கடலுக்கு அடியில் கேக் வெட்ட வேண்டும் என்கிற பிள்ளைக்குக் கடல். போன மாதம் ஒரு பையனுக்காகப் பழைய மாவு மில் ஒன்றை நிலாவாக மாற்றியிருந்தாள். இப்படி யாரும் எட்டிப் பார்க்காத இடங்களைத் தேடிப் பிடிப்பதில் அவளுக்கு ஒரு கிறுக்கு. தனியாகத்தான் போவாள். தன் கண்ணால் பார்க்கும் முன் அந்த இடத்தைப் பற்றி யார் என்ன சொன்னாலும் காதில் வாங்க மாட்டாள். அடுத்தவர் பேச்சு தலைக்குள் புகுந்துவிட்டால் இடம் தன்னோடு பேசாது என்பது அவள் கட்சி. என்றைக்காவது எங்கேயாவது மாட்டிக்கொண்டு முழிக்கப் போகிறாய் என்று அக்கா திட்டுவாள். இவள் சிரித்துவிட்டுப் போய்விடுவாள்.

இந்தத் தடவை விழா அக்கா வீட்டுக்கே. வரும் ஞாயிற்றுக்கிழமை அக்கா மகளுக்கு ஒன்பது வயது நிறைகிறது. கூர்மூக்கும் துருதுருவென்ற கண்ணுமாக இருந்த அந்தப் பிள்ளைக்குச் சுண்டெலி என்று பட்டப்பெயர் வைத்ததே பலூன்காரிதான். கல்யாணம், குடும்பம் என்று எதிலும் சிக்காத அவளுக்கு உலகத்தில் ஒரே பலவீனம் அந்தச் சுண்டெலி. போன பிறந்தநாளைப் பிள்ளை டைபாய்டில் கழித்தது. கையில் டிரிப்ஸ் ஊசி, வாயில் கசப்பு, கேக்கைத் தொடக்கூட இல்லை. அடுத்த வருஷம் நீ என்ன கேட்டாலும் செய்கிறேன் என்று அன்றைக்குச் சித்தி வாக்குக் கொடுத்திருந்தாள். பிள்ளை கேட்டது பனி.

காவலாளி ஐம்பதைத் தாண்டியவர். ஃபேக்டரி ஓடிய காலத்தில் அங்கேயே வேலை பார்த்தவர். சாவியை நீட்டினார், ஆனால் பிடியை விடவில்லை.

"உள்ள போறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன்மா."

"பாத்துட்டு வந்து கேட்டுக்கறேண்ணே" என்று சொல்லி, பிடுங்காத குறையாகச் சாவியை வாங்கிக்கொண்டாள். அவர் பின்னாலேயே நாலடி வந்தார். அவள் திரும்பி ஒரு பார்வை பார்த்ததும் நின்றுவிட்டார். அந்த மனிதர் சொல்ல வந்ததை அரை நிமிஷம் நின்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை.

கனத்த இரும்புக் கதவு முனகிக்கொண்டு திறந்தது. உள்ளே இருட்டு. டார்ச்சை அடித்துப் பார்த்தாள். கூடத்தின் நடுவே தரையோடு தரையாக ஐஸ் உறைய வைக்கும் தொட்டி, அதன் மேல் வரிசையாக மரப்பலகைகள். தலைக்கு மேலே கூடத்தின் நீளத்துக்கும் ஓர் இரும்புத் தண்டவாளம். ஐஸ் பார்களைத் தூக்கிப்போகும் கொக்கிகள் அதில் தொங்கின. தண்டவாளம் போய் முடிகிற மூலையில் ஐஸ் நொறுக்கும் மெஷின் அகல வாயைத் திறந்துகொண்டு நின்றது. வாய்க்குள் இரண்டு உருளைகள், உருளை முழுக்க விரல் தடிமனில் இரும்பு முட்கள்.

துரு நாற்றமும் உப்பு நாற்றமும் அடித்தன. அவற்றுக்கு அடியில் இன்னொரு வாடை, கசாப்புக் கடையைக் கழுவிவிட்ட பிறகு வருமே, அது. பூட்டிப் பத்து வருஷம் ஆன கட்டடம் ஜில்லென்று இருந்தது. மற்றவர்களாக இருந்தால் அந்தக் குளிரிலேயே திரும்பியிருப்பார்கள். பலூன்காரிக்கோ, பனிக்கு இதைவிட வேறென்ன வேண்டும் என்று சந்தோஷம் பொங்கியது.

எந்த இடத்துக்குப் போனாலும் அவள் முதலில் செய்கிற காரியம் ஒன்று உண்டு. பிறந்தநாள் பிள்ளையின் ஆளுயரக் கட்-அவுட்டைக் கையோடு கொண்டு போவாள். விழாவன்று பிள்ளை எங்கே நிற்குமோ அங்கே அதை நிறுத்தி, வெளிச்சத்தையும் போட்டோ கோணத்தையும் சரி பார்ப்பாள். அன்றைக்கும் காரிலிருந்து எடுத்து வந்தாள். நீலக் கவுன் போட்ட சுண்டெலி, முன்பல் இரண்டும் விழுந்த சிரிப்பு, டாட்டா காட்டுகிற வலது கை. பிளைவுட்டில் ஒட்டி, ஓரத்தை வளைவு நெளிவோடு அறுத்திருந்தாள். தொட்டிப் பலகைகளின் நடுவே நிறுத்தி, நாலைந்து படம் எடுத்தாள்.

மேலே ஏதோ ஒரு கொக்கி லேசாகக் கிரீச்சிட்டது.

டார்ச்சைத் தூக்கினாள். வரிசையில் எல்லாம் அசையாமல் தொங்கின. ஒன்று மட்டும் ஆடிக்கொண்டிருந்தது. கதவைத் திறந்ததில் காற்று நுழைந்திருக்கும் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டு, அளவு டேப்பை எடுத்துவரக் காருக்குப் போனாள்.

சீட்டில் கிடந்த போன் அடித்துக்கொண்டிருந்தது. அக்கா.

முதலில் வெறும் அலறல்தான் கேட்டது. பிறகு வார்த்தைகள் வந்தன. சுண்டெலி தரையில் உட்கார்ந்து படம் வரைந்துகொண்டிருந்ததாம். யாரோ தோளைப் பிடித்துத் தூக்கிய மாதிரி அப்படியே தரையை விட்டு மேலே எழும்பியதாம்.

"அந்தரத்துல தொங்குறாடி. தோள்ல ஓட்டை. முதுகுப் பக்கம் பூந்து முன்னாடி வந்திருக்கு. உள்ள ஒண்ணுமே இல்லடி, வெறும் ஓட்டை. ரத்தம் நிக்கல. இழுத்தா எறங்க மாட்டேங்குறா."

பலூன்காரியின் முகம் போன போக்கைப் பார்த்துக் காவலாளி ஓடி வந்தார். என்ன என்று அவர் கேட்கவில்லை.

"உள்ள என்னத்த நிக்க வெச்சீங்க?"

அவள் சொன்னாள். அவர் தலையில் அடித்துக்கொண்டார். பிறகு மளமளவென்று கொட்டினார். ஃபேக்டரி நடந்த காலத்தில், ஓடுகிற மெஷினில் ஒரு வேலைக்காரனின் சட்டைக் கை சிக்கியது. லாரி காத்திருக்கிறது என்று மேஸ்திரி மெஷினை நிறுத்தவில்லை. தோள்வரை போய், தலைவரை போய், கடைசியில் செருப்பு மட்டும் மிஞ்சியது. அதிலிருந்து அந்தக் கூடத்தில் ஆள் வடிவத்தில் எந்தப் பொருள் நின்றாலும், தொங்கினாலும், அது மெஷினுக்குப் போய்ச் சேரும்; அதற்கு என்ன ஆகிறதோ அதுவே அதற்குரிய ஆளுக்கும் ஆகும். ஆணியில் சட்டையை மாட்டிய இரண்டு பேர், ஃபேக்டரிக்கு வெளியே டீ குடித்துக்கொண்டிருந்த இடத்திலேயே நசுங்கிச் செத்தார்கள். அதன் பிறகு வேலைக்காரர்கள் சட்டையைப் பந்தாகச் சுருட்டி மூலையில் போட்டுவிட்டுத்தான் உள்ளே நுழைவார்கள்.

"ஆளு வேற, உருவம் வேறன்னு அவனுக்குத் தெரியாதும்மா. ஓடுங்க. ஆனா ஒண்ணு, அத இழுத்துப் பிச்சுடாதீங்க."

போனைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, லைனை வெட்டாமல் ஓடினாள்.

கூடம் முன்னைவிட இருட்டாக இருந்தது. மூச்சு வெள்ளையாக வந்தது. பலகைகளின் நடுவே கட்-அவுட் இல்லை.

மேலே பார்த்தாள்.

கொக்கி சுண்டெலியின் தோளைத் துளைத்திருந்தது. அதே சிரிப்பு. அதே டாட்டா. தண்டவாளத்தில் கட்-அவுட் மெதுவாக, மிக மெதுவாக, மூலையை நோக்கி நகர்ந்துகொண்டிருந்தது. துளையிலிருந்து பிளைவுட்டின் மேல் ரத்தம் வழிந்து பலகையில் சொட்டியது.

கரண்ட் இல்லாத மெஷின் சுற்ற ஆரம்பித்தது.

அவள் பாய்ந்தாள். இரண்டு எட்டு வைப்பதற்குள் பின்னாலிருந்து ஏதோ ஒன்று அவள் தலைமுடியைக் கொத்தாகப் பற்றித் தூக்கி வீசியது. பலகை உடைந்து, இடுப்புவரை தொட்டிக்குள் போனாள். உள்ளே தேங்கியிருந்த உப்புத் தண்ணீர் கத்தியாய் அறுத்தது. எழுந்தாள். ஒரு கொக்கி காற்றைக் கிழித்துக்கொண்டு வந்து கன்னத்தை வாய்வரை பிளந்தது. பல்லில் இரும்பு இடிக்கிற சத்தத்தை அவளே கேட்டாள். வாய் நிறைய ரத்தம். துப்பிவிட்டு மறுபடி ஓடினாள்.

பையிலிருந்து அக்காவின் குரல் வந்தது.

"கால்... ஐயோ, கால் விரலு..."

கட்-அவுட்டின் காலணி முனை உருளையைத் தொட்டுவிட்டது. மரச்செதில்கள் தெறித்தன. பற்றி இழுத்தால் தோள் கிழியும். மெஷினை நிறுத்தச் சுவிட்ச் இல்லை, சுவிட்ச் இருந்தாலும் பலனில்லை, அது கரண்டில் ஓடவில்லை. சுற்றுமுற்றும் திணிப்பதற்கு ஒரு கம்பிகூட இல்லை.

பலூன்காரி யோசிக்கவில்லை. தன் இடது கையை உருளைகளுக்கு நடுவே விட்டாள்.

எலும்பு நொறுங்கும் சத்தம் ஐஸ் நொறுங்கும் சத்தம் மாதிரியேதான் இருந்தது. சுண்டுவிரல் போனது. மோதிர விரல் போனது. அவள் தொண்டையிலிருந்து வந்தது மனுஷக் குரலாகவே இல்லை. உருளைகள் ஒரு கணம் நின்றன, ருசி பார்க்கிற மாதிரி.

அந்த ஒரு கணம் அவளுக்குப் போதும். மிஞ்சிய கையைப் பிடுங்கிக்கொண்டாள். எக்கி நின்று, தூங்குகிற பிள்ளையைத் தூக்குகிற பதத்தில் கட்-அவுட்டை மார்போடு அணைத்து மேலே தூக்கி, கொக்கியிலிருந்து அங்குலம் அங்குலமாகக் கழற்றினாள். முதுகில் கொக்கிகள் விழுந்துகொண்டே இருந்தன. ஒன்று தோள்பட்டையில் இறங்கியது, ஒன்று விலாவில். அவள் குனிந்து, முதுகைக் காட்டி, பிள்ளையை மட்டும் மறைத்துக்கொண்டாள்.

"எறங்கிட்டாடி" என்றது பைக்குள் இருந்த குரல். "மடியில விழுந்துட்டா."

வாசலை எப்படி அடைந்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவள் வெளியே விழுந்ததும் காவலாளி கதவைச் சாத்தித் தாழ் போட்டார். உள்ளேயிருந்து ஒரே ஓர் அடி விழுந்தது. கனத்த இரும்புக் கதவு வெளிப்பக்கமாகப் புடைத்தது.

சுண்டெலி பிழைத்துக்கொண்டாள். கால் விரல்களில் சிராய்ப்பு, தோளில் ஆழமான துளை. ரத்தம் ஏற்றினார்கள். அடுத்த நாள் மத்தியானத்துக்குள் பிள்ளை கண் திறந்து, முகத்திலும் கையிலும் கட்டோடு உட்கார்ந்திருந்த சித்தியைப் பார்த்து, நீ ஏன் பேய் வேஷம் போட்டிருக்கிறாய் என்று கேட்டது. அக்கா அழுதுகொண்டே சிரித்தாள். கட்-அவுட் போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் இருந்தது. வார்டைப் பெருக்க வந்த ஆயாவைக்கூடப் பலூன்காரி அதன் பக்கம் விடவில்லை.

டாக்டர் பிள்ளையை முதலில் கொண்டுவந்தபோது எடுத்த எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். தோளுக்குள் இரண்டு துண்டுகள் தெரிந்தன. கண்ணாடிச் சில்லு என்றார். வீட்டில் கண்ணாடி எதுவும் உடையவில்லையே என்று அக்கா குழம்பினாள். ஒன்றை நேற்றே எடுத்தாகிவிட்டது, ஜன்னலோரக் கிண்ணத்தில் போட்டிருக்கிறது, வேண்டுமானால் பாருங்கள் என்றார். இன்னொன்று நெஞ்சுப் பக்கம் ஆழமாகப் போய்விட்டது, பக்கத்திலேயே பெரிய ரத்தக்குழாய், அதைத் தொடுவது ஆபத்து.

"பயப்படாதீங்கம்மா. கண்ணாடி அதுபாட்டுக்கு உள்ள கெடக்கும், ஒண்ணும் பண்ணாது. எத்தனையோ பேர் இப்படி ஆயுசு முழுக்க இருக்காங்க."

அவர் போனதும் பலூன்காரி எழுந்து ஜன்னலுக்குப் போனாள். உச்சி வெயில் நேராகக் கிண்ணத்தின் மேல் விழுந்துகொண்டிருந்தது. வார்டில் ஃபேன்கூட அனல் காற்றைத்தான் வீசியது. நேற்று டாக்டர் எடுத்த துண்டை, தன் காயங்களுக்குக் கட்டுப் போட்டு முடித்ததும் அவள் வந்து பார்த்திருந்தாள். அந்தத் துண்டு நகக்கண் அளவுதான் இருந்தது.

கிண்ணத்தின் விளிம்பு முழுக்க வெள்ளையாக உறைந்திருந்தது. நடுவில் கிடந்த ஐஸ் துண்டு அவள் ஆள்காட்டி விரல் நீளத்துக்கு வளர்ந்திருந்தது.

கட்டிலில் சுண்டெலி போர்வையைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டது. உதடு லேசாக நீலம் பாரித்திருந்தது.

"சித்தி, உள்ள குளிருது."