ஹேட்டியின் வடிதட்டு

“சுழற்காற்று எங்கள் ஊருக்கு வந்தது. ரயில் மாதிரி சத்தம் போட்டது. எனக்குக் கொஞ்சங்கூடப் பயமே இல்லை.”

ஐந்தாம் வகுப்பு ஹேட்டி எழுதிய கதை இவ்வளவுதான். எவ்வளவு பெரிய புளுகு! அமெரிக்காவின் கேன்சஸில் அந்தக் காற்றுக்குப் பயப்படாதவர் யார்?

அவள் வகுப்பில் ஒரு வரி விட்டு ஒரு வரிதான் எழுதுவார்கள். திருத்த இடம் வேண்டுமே! முதலில் கூட்டாளிக்குப் படித்துக் காட்ட வேண்டும். வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாலும் நாற்காலியில் உட்கார்ந்து வாசிக்க வேண்டும்.

ஹேட்டியின் கூட்டாளி ஓரின், ஊருக்குப் புதியவன். சுழற்காற்றை எச்சரிக்கும் அபாயச் சங்கைத் திங்கள்தோறும் நண்பகல் சோதனைக்கு ஊதுவார்கள். இந்தத் திங்கள் அது ஊதியபோது, நிஜமென்று நினைத்து மேசைக்கடியில் பாய்ந்து அழுதுவிட்டான்.

“பயந்தாங்கொள்ளி!” என்று வேட் கத்தினான். வகுப்பே சிரித்தது.

ஹேட்டியின் கதையைக் கேட்டதும் ஓரின் தலையைக் குனிந்துகொண்டான்.

“அப்போ நான் மட்டுந்தான் பயந்தேனா?”

ஹேட்டிக்குச் சுருக்கென்றது.

“ரயில் மாதிரின்னுதான் டிவியிலயும் சொல்றாங்க. உனக்கு எப்படிக் கேட்டுச்சு?” என்றான் அவன்.

காற்று வந்த அந்த ராத்திரியை நினைத்துக்கொண்டு அவள் பென்சிலை எடுத்தாள். உண்மையை எழுதினால் அவளையும் பார்த்துச் சிரிப்பார்களே! எழுதினாள். அடித்தாள். மறுபடி எழுதினாள். விட்டுவைத்த வரிகளெல்லாம் நிரம்பிவிட்டன.

வெள்ளிக்கிழமை நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தாள்.

“நிலவறையில் விளக்கு அணைந்தது. காது அடைத்தது. படிக்கட்டுக் கதவு தடதடவென்று அடித்துக்கொண்டது. யாரோ உள்ளே விடச் சொல்லித் தட்டுவதுபோல் இருந்தது. ‘திறக்காதீங்கம்மா!’ என்று அலறினேன். நூடுல்ஸ் வடிக்கும் குழிவான வடிதட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, அம்மாவின் சட்டையைக் கடித்துக்கொண்டிருந்தேன். காற்று போன பிறகும் வடிதட்டைக் கழற்றவில்லை. அதோடேயே தூங்கினேன்.”

போச்சு, மானம் போச்சு என்று ஹேட்டி கண்ணை மூடிக்கொண்டாள்.

“வடிதட்டா!” வேட் விழுந்து விழுந்து சிரித்தான். பிறகு காதைச் சொறிந்தான். “நான் துணி காயவைக்கிற மெஷினுக்குள்ள போய் உக்காந்துட்டேன். வெளியில சொல்லிடாதீங்கப்பா!”

“நான் எங்க நாய்க்கு அடியில ஒளிஞ்சேன்!” என்றது இன்னொரு குரல். கைகள் வரிசையாக உயர்ந்தன. ஓரினும் சிரித்தான்.

அடுத்த திங்கள் நண்பகல் சங்கு ஊதியது. ஓரினின் முகம் வெளுத்தது. ஆனால் அவன் மேசைக்கடியில் பாயவில்லை. ஹேட்டியைத்தான் பார்த்தான்.

அவள் பையைத் திறந்து ஒரு வடிதட்டை எடுத்து அவன் தலையில் கவிழ்த்தாள்.

“அப்போ உனக்கு?”

“எனக்கு இல்லாமலா? ரெண்டு கொண்டுவந்திருக்கேன்!” என்று தன் தலையிலும் ஒன்றைக் கவிழ்த்துக்கொண்டாள் ஹேட்டி.