குட்டியைக் கூப்பிட்ட குரல்

அடுத்த ஞாயிறு வனவிலங்குப் பூங்காவுக்குப் போவதென்று முடிவாகி, எந்த வாசலில் நுழைந்தால் வெயில் ஏறுவதற்குள் சிங்கங்களைப் பார்த்துவிடலாம் என்று மைத்துனன் அவனுக்கு மேசையில் வரைபடத்தை விரித்துப் பாடம் நடத்திக்கொண்டிருந்தபோது, பின்னறையிலிருந்து மகள் கூப்பிட்டாள்.

"அப்பா!"

"இதோ வர்றேன்டா குட்டி" என்று அவன் எழுந்து போனான். பின்னறையில் யாரும் இல்லை. கம்பி ஜன்னல் திறந்து கிடந்தது; ஈர வைக்கோலும் அழுகிய பழமும் கலந்த ஒரு வாடை. திரும்பி வந்தால், மகள் அம்மா மடியில் உட்கார்ந்து, வரைபடத்து ஒட்டகத்துக்கு மீசை வரைந்துகொண்டிருந்தாள்.

"நீ கூப்பிட்டியாடா?"

"இல்லியே."

"ஊரையெல்லாம் ஏமாத்தி ஏமாத்தி, இப்ப உங்க அப்பா காதே அவர ஏமாத்துது" என்றாள் மனைவி.

அவன் பலகுரல் கலைஞன். கல்யாண வரவேற்பு, அலுவலக ஆண்டுவிழா, எங்கே கூப்பிட்டாலும் போவான். ரயில், தவளை, பழுதான மிக்ஸி எல்லாம் வரும். சொந்தக் குரலில் பேசினால்தான் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை என்று மேடையில் சொல்லிச் சிரிக்கவைப்பான். வீட்டிலும் நிலைமை அதுதான், சிரிப்பு மட்டும் இருக்காது.

அவனைச் சில்லிட வைத்தது தொழில் சம்பந்தப்பட்ட விஷயம். மகளுக்கு முன்பற்கள் விழுந்திருந்தன. அவளுடைய 'அப்பா'வில் காற்று கசியும். அந்தக் குரலில் கசியவில்லை. நிறையப் பற்கள் உள்ள வாயிலிருந்து வந்த 'அப்பா' அது.

"மாமா, இந்தத் தடவையும் அந்தக் கண்ணாடிகிட்ட பண்ணிக் காட்டணும். நம்மகூட வேன்ல வர்றவங்க பாதிப் பேர் அதுக்காகத்தான் வர்றாங்க" என்றான் மைத்துனன்.

"அந்தப் பக்கமே போகவேணாம்டா."

"பயமா?"

"அந்தக் குரங்கு என்கிட்ட பங்கு கேட்டா என்ன பண்றது? என் பிழைப்பே அதோட குட்டி அழுகையிலதான் ஓடுது."

எல்லோரும் சிரித்தார்கள். அவனும் சிரித்தான். அவன் சிரிப்பும் நன்றாகச் செய்வான்.

போன வருடம் அந்தக் கண்ணாடிச் சுவருக்கு அப்பால் ஒரு தாய் மனிதக்குரங்கு, செத்த குட்டியை மார்போடு அணைத்தபடி உட்கார்ந்திருந்தது. "குட்டி போயிடுச்சு சார், கையவிட்டு இறக்கமாட்டேங்குது" என்றார் காப்பாளர். மகளைத் தோளில் வைத்திருந்தவனுக்கு வாய் சும்மா இருக்கவில்லை. காற்றுத்துளை அருகே குனிந்து, குட்டி சிணுங்குவதுபோலச் சிணுங்கினான். தாய் துள்ளி எழுந்தது. கையிலிருந்ததைப் புல்லில் கிடத்திவிட்டு, பாறைக்குப் பின்னால், தொட்டிக்குள், மரப்பொந்துக்குள் என்று தேடித் தேடி ஓடியது. கூட்டம் கைதட்டியது. அந்த நேரத்தில் காப்பாளர்கள் பக்கக் கதவைத் திறந்து குட்டியின் உடலை எடுத்துப்போய்விட்டார்கள். திரும்பி வந்த தாய் வெறும் புல்லைத் தடவிப் பார்த்தது. பிறகு கண்ணாடியருகே வந்து அவன் வாயைப் பார்த்தது. தோளிலிருந்தவளைப் பார்த்தது. "போலாமா குட்டி?" என்று அவன் மகளிடம் கேட்டபோது அதன் உதடுகளும் மெல்ல அசைந்தன.

அதற்குப் பிறகு மேடையில் அந்தச் சிணுங்கலுக்குத்தான் கைதட்டல் அதிகம். ரோமக் கையுறை மாட்டிக்கொண்டு செய்வான். வீட்டில் மகள் அந்தக் கையுறையைப் பிடித்துக்கொண்டுதான் தூங்குவாள்.

அந்த வாரம் முழுக்க வீடு தயாராகிக்கொண்டிருந்தது, குரலும் தயாராகிக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை குளியலறைக்குப் பின்னாலிருந்து வந்த 'அப்பா' நெஞ்சிலிருந்து வந்தது, தொண்டைக்கு ஏறவில்லை. இன்னும் பயிற்சி வேண்டும் என்று நினைத்தவன், தான் நினைத்ததைக் கேட்டு நடுங்கினான். புதன்கிழமை தண்ணீர்த் தொட்டிப் பக்கம் அதே சொல் அடங்கிய குரலில் திரும்பத் திரும்பக் கேட்டது. அவனும் இப்படித்தான் ஒத்திகை பார்ப்பான். வெள்ளிக்கிழமை முதன்முறையாகக் காற்று கசிந்தது.

பயணத்தை நிறுத்திவிடலாம் என்றான். "குழந்தை ஆசையா இருக்கா, உங்க பயத்துக்கு அவளா பலி?" என்றாள் மனைவி. உண்மையைச் சொன்னால் அதையும் நகைச்சுவைக் கணக்கில் சேர்த்துவிடுவாள். அதனால் மகளிடம் மட்டும், பூங்காவுக்கான யோசனைபோலச் சொல்லிவைத்தான்.

"அங்க பெரிய கூட்டமா இருக்கும். யாரு குரல்ல யாரு வேணா பேசுவாங்க. அப்பா குரல் கேட்டாக்கூட நம்பாத. உன் கையப் பிடிச்சிருக்கிறது யாரோ, அதான் அப்பா. சரியா?"

"கையுறை போட்டிருந்தாலும்?"

"போட்டிருந்தாலும்."

சனிக்கிழமை மாலை மனைவியும் மைத்துனனும் தொப்பி வாங்கக் கடைக்குப் போனார்கள். மகள் படுக்கையறையில் தூங்கினாள். வானம் கறுத்து மழை பிடித்தது, மின்சாரம் போயிற்று. முன்னறை நாற்காலியில் அவன் அசையாமல் உட்கார்ந்திருந்தான். ஓட்டில் மழை, குழாயில் மழை, எங்கோ ஒரு வாளி நிறைந்து வழியும் சத்தம். அந்த வாடை.

கொல்லைப்புறத்திலிருந்து வந்தது.

"அப்பா!"

காற்று கசிந்தது. முடிவில் லேசாக உடைந்தது. மூச்சு சரியான இடத்தில் இருந்தது. ஒரு பிசிறு இல்லை.

கற்றுக்கொண்டுவிட்டது என்று நினைத்தான். ஏமாற மாட்டேன். நாற்காலிக் கைப்பிடியை இறுகப் பிடித்துக்கொண்டான்.

"அப்பா! ஷூ எல்லாம் நனையுதுப்பா!"

ஷூ.

நாளைக்காக மத்தியானம் மகள் கழுவிக் காயவைத்த ஷூ.

அவன் எழுவதற்குள் வேறொரு குரல் பதில் சொன்னது. அன்பான குரல். யாரும் திரும்பிப் பார்க்காத குரல். அவனுடைய குரல்.

"அப்பா இங்கதான்டா இருக்கேன். கையக் குடு."

ஓடினான். படுக்கை காலி. பின்கதவைத் தள்ளினான். வெளியே தாழ்ப்பாள் விழுந்திருந்தது. தோளால் மோதினான். அசையவில்லை. பின்னறை ஜன்னல். கம்பிகளைப் பிடித்துக்கொண்டு முகத்தைப் பதித்தான்.

மழைக்குள் மகள். ஒரு கையில் ஷூ. இன்னொரு கை மேலே நீண்டு, உயரமான ஓர் இருட்டின் ரோமம் அடர்ந்த விரல்களைப் பற்றியிருந்தது.

"குட்டி! அது நான் இல்லடா! நான் இங்க இருக்கேன்! குட்டி!"

அவள் நின்றாள். ஜன்னலைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு பக்கத்தில் நின்றதை அண்ணாந்து பார்த்து, சொல்லிக்கொடுத்ததை மறக்காத பிள்ளையின் பெருமையோடு சொன்னாள்:

"அப்பா, அங்க யாரோ உன்ன மாதிரியே பேசுறாங்க."

நீண்ட கைகள் தாழ்ந்து அவளைத் தூக்கின. அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தலையைச் சாய்த்தாள். அது அவள் முதுகை மெல்லத் தட்டிக்கொடுத்தபடி, அவசரமே இல்லாமல், மழைக்குள் நடந்தது.