திறந்த கண்

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பின் கட்டிலில் படுத்த தங்கராசு குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். ஆனால் கண்கள் திறந்தே இருந்தன. அவற்றின் மேல் ஓர் ஈ ஊர்ந்தது. இமை அசையவில்லை. தங்கை சிவசங்கரி ஈயை விரட்டி, அவனைத் தொட்டு எழுப்பினாள்.

"நான் தூங்கவே இல்லம்மா," என்றான்.

அது தை மாதம். சித்திரைக்குள் பாதியாக இளைத்துவிட்டான். பாண்டிச்சேரி ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுத்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் ஒரே மாதிரி தெரியும் நோய்கள் பல உண்டு, எது என்று இந்தப் படம்தான் பிரித்துக் காட்டும் என்றார் டாக்டர். திரையில் மஞ்சளும் சிவப்புமாக ஒளிர்ந்த மூளையின் நடுவே இரண்டு கரும் குழிகள். தூக்கத்தைக் கொண்டுவரும் இடம் அணைந்துவிட்டது, மருந்தில்லை, பரம்பரையாக வருவது என்றார். அப்பாவும் தூங்காமல்தான் செத்தார் என்று கூடப் போயிருந்த சிவசங்கரி சொன்னதும், அவளுக்கும் ஒரு படம் எடுக்கச் சொன்னார். அப்புறம் வருகிறேன் என்று வந்துவிட்டாள்.

அதற்குப் பின் உறவுக்காரர் யாரும் வீட்டுப் பக்கம் வரவில்லை. சுற்றிலும் கண்கூசும் வெள்ளையில் உப்புப் பாத்திகள், வெயிலில் படபடவென்று விரியும் தகரக் கூரை, சேற்று வாடை, அண்ணனின் மூச்சு. நாளெல்லாம் அவளுக்கு அவ்வளவுதான் துணை. அவனைக் காவல் காத்து அவளும் தூங்கி ஐந்து நாளாகியிருந்தது. காவல்தான் காரணம் என்று நம்பினாள்.

அவளோடு உப்பு மூட்டை பிடிக்கும் மங்கம்மா மட்டும் ஒருநாள் வந்து, அவளைப் படுக்கச் சொல்லிவிட்டு அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்தாள். இரண்டு மணி நேரம் சிவசங்கரி சுவரைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள். ஒரு நொடிகூடக் கண் அயரவில்லை.

கிளம்பும்போது மங்கம்மா சொன்னாள்: "நல்லா தூங்குனடி. குறட்டை இங்க வரைக்கும் கேட்டுச்சு."

மறுநாள் உச்சி வெயிலில், ஒரு மாதமாக நிற்கவே முடியாத தங்கராசு எழுந்து நின்றான். அறை நடுவே போனான். குனிந்தான். பாத்தியில் வேலை செய்த நாட்களைப் போல, இல்லாத பலகையால் இல்லாத உப்பை வாரத் தொடங்கினான். இழுப்பான். தள்ளுவான். இழுப்பான்.

"அண்ணா."

திரும்பினான். கண்கள் அவளைத் தாண்டி எங்கோ இருந்தன.

"வெயில் ஏறுது சங்கரி. மீதிய நீ வாரு."

வெறும் கையை நீட்டினான். அவன் மனசுக்காக, வாங்குவது போல அவளும் நீட்டினாள்.

விரல்களில் பலகையின் மரப்பிடி பட்டது. ஈரமாக. கனமாக.

இழுத்தாள். சிமெண்ட் தரையில் உப்பு நெறுநெறுவென்று திரண்டு வந்தது.