இலந்தைப் பாகு

யொன்ஜா அடுப்பிலிருந்து சூப்பை இறக்கி மேசையில் வைத்ததும் மாமியாரின் அலறல் வீட்டைப் பிளந்தது.

"அடிப்பாவி! இது ஜின்செங் இல்ல... வெறும் இலந்தைப் பாகு!"

கும்சான் ஊரில் ஜின்செங் என்னும் மருந்து வேரைப் பயிரிட்டே தலை நிமிர்ந்த குடும்பம் அது. யொன்ஜாவின் கணவன் தொக்சு வேலை போய் ஐம்பது வயதில் வீட்டுத் தரகர் உரிமத் தேர்வுக்குப் படிக்கிறான் என்றதும், மூளைக்குத் தெம்பு என்று ஜாடி ஜாடியாகச் சிவப்பு ஜின்செங் சாறு காய்ச்சிக் கொடுத்தவள் மாமியார்தான். அதில் ஒரு சொட்டுகூடத் தன் நாக்கில் வைத்ததில்லை; மகனுக்கு உள்ளது மகனுக்குத்தான். இன்று கரண்டியில் ஒட்டியிருந்தது வீணாகப் போகிறதே என்று நக்கிவிட்டாள். குட்டு உடைந்தது.

"என் பிள்ளைக்குக் குடுத்தத உன் தம்பி வீட்டுக்கு அனுப்பிட்டியா? வாயைத் திறடி!"

கரண்டி பறந்து வந்து யொன்ஜாவின் நெற்றியைக் கிழித்தது. ரத்தம் புருவத்தில் வழிய, அவள் கணவனைப் பார்த்தாள். அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

அவனுக்கு ரத்த அழுத்தம். மாத்திரை போட்டால் தலை மந்தமாகிறது, படித்தது நிற்கவில்லை என்று தூக்கிப் போட்டுவிட்டான். பிரஷரை ஏற்றும், வேண்டாம் என்று டாக்டர் சொன்ன ஜின்செங்கை மட்டும் விடவில்லை. "அப்பா பக்கவாதத்துலதான் போனாரு. அம்மாவுக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாங்க" என்று அவளிடம் சத்தியம் வேறு வாங்கியிருந்தான். அவள் என்ன செய்வாள்? இஞ்சியும் ஒரு கசப்பு வேரும் சேர்த்து இலந்தைப் பாகு காய்ச்சி ஊற்றினாள். கசந்தால் மருந்து என்பதற்கு மேல் அந்த மனிதனுக்கு ஒன்றும் தெரியாது.

ஆனால் தான் இத்தனை நாள் குடித்தது வெறும் பாகு என்று உறைத்ததும் அவனுக்கு வெறி பிடித்துவிட்டது.

"அப்ப... மாதிரித் தேர்வுல நான் தோத்தது உன்னாலதானா?"

மேசை புரண்டது. கொதிக்கும் சூப் அவள் காலில் கொட்டியது. அவள் நொண்டியபடி உள்ளே போனாள். கிம்ச்சி ஊறுகாய்ப் பெட்டியின் அடியிலிருந்து மூடி திறக்காத ஜாடிகளை எடுத்து வைத்தாள்.

"ஒரு சொட்டு வெளிய போகல, அத்தை."

"பின்ன எதுக்குடி ஒளிச்சு வச்சே?"

சத்தியத்தை மீற முடியாமல் அவள் ஜாடிகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். மாமியார் ஜாடியைத் திறந்து மகனிடம் நீட்டினாள். "என் கண்ணு முன்னாடி சாப்பிடுடா!"

"வேணாங்க... உங்க காலைப் பிடிக்கறேன்!"

ஜாடியைப் பிடுங்கப் போனவளை அவன் ஓங்கி அறைந்தான். சுவரில் மோதி விழுந்தாள். கரண்டி கரண்டியாக அள்ளி விழுங்கியபடி அவளைத் திட்டிக்கொண்டே இருந்தான். திடீரென்று மூக்கிலிருந்து ரத்தம் பீறிட்டது. வாய் குழற, முழங்கால் மடங்கிச் சரிந்தான்.

"தொக்சு! ஐயோ, என் ராசா!"

யொன்ஜா தவழ்ந்து வந்து அவனை ஒருக்களித்துப் படுக்கவைத்தாள். ஆம்புலன்ஸை அழைத்தாள். அரிசிப் பெட்டிக்குப் பின்னால் கைவிட்டு, ஒளித்து வைத்திருந்த பிரஷர் கருவியை எடுத்து அவன் கையில் சுற்றினாள். எண் இருநூற்றைத் தாண்டியது.

மாமியார் அந்தக் கருவியைக் காட்டினாள். "இது... எதுக்குடி நம்ம வீட்டுல?"

"அவருக்கு ரொம்ப நாளா பிரஷர், அத்தை. உங்ககிட்ட சொல்லக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாரு."

ஆஸ்பத்திரியில் டாக்டர் பழியை ஒன்றின் மேல் மட்டும் போடவில்லை. "ஜின்செங்கால மட்டும்னு சொல்ல முடியாதும்மா. மாத்திரையை நிறுத்தினது, அதுக்கு மேல இது, அதுக்கும் மேல இவ்வளவு ஆத்திரம்... மூளையில ரத்தம் கசியாததே பெரிய விஷயம்."

மறுநாள் தொக்சு கண் திறந்தான். மனைவியின் நெற்றிக் கட்டைப் பார்த்துவிட்டுத் தாயின் பக்கம் திரும்பினான்.

"அம்மா... அவ மேல தப்பில்ல. எல்லாம் தெரிஞ்சும் நான்தான் வாயை மூடிக்கிட்டு..."

மாமியார் காலணியைக் கழற்றி ஓங்கினாள். பெற்ற பிள்ளை மேல் அவள் கை ஓங்கியது அதுவே முதல் தடவை. யொன்ஜா பாய்ந்து அந்தக் கையைப் பிடித்தாள்.

"அடிக்காதீங்க அத்தை! பிரஷர் ஏறிடும்!"

"உன் மண்டையை உடைச்சிருக்கோம், உன் காலை வேக வச்சிருக்கோம்... இன்னும் இவனுக்குப் பரிஞ்சு பேசறியே, பைத்தியக்காரி!"

"பரிஞ்சு பேசல, அத்தை. முதல்ல இறங்கட்டும். அப்புறம் நானே இவரை அடிக்கறேன்."

காலணி கீழே விழுந்தது. மாமியார் மருமகளை இழுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, வார்டே திரும்பிப் பார்க்கும்படி வாய்விட்டு அழுதாள்.

"அடிம்மா... நல்லா அடி! இவனை நான் பிடிச்சுக்கறேன்."