தூளிக்கு இடப்பக்கம்

தூளி கனமில்லாமல் ஆடியது.

பத்து நிமிடமாகக் கயிற்றை இழுத்து ஆட்டிக்கொண்டிருந்த ஆத்மநாதனுக்கு அது இப்போதுதான் உறைத்தது. எட்டு மாதக் குழந்தை படுத்திருந்தால் பழைய சேலை தரையை நோக்கித் தொய்ந்து, உத்தரத்துக் கொக்கி மெல்ல முனகும். இப்போது கொக்கியில் சத்தமே இல்லை; மத்தியான வெயிலில் காய்ந்த ஓட்டின் வாசமும் பால் புளித்த வாசமும் மட்டும் கூடத்தில் அசையாமல் நின்றன. தூளிக்குள் கைவிட்டான். சேலை ஈரமாக, வெதுவெதுப்பாக இருந்தது. ஹரிணி இல்லை.

பதறாதே என்று தனக்கே சொல்லிக்கொண்டான். காணாமல் போகவில்லை; இடப்பக்கம் போயிருக்கும். கீரனூர் சாலையில் பைக்கோடு விழுந்து மண்டை உடைந்த நாளிலிருந்து, பதினான்கு மாதங்களாக, அவனுக்கு உலகத்தில் இடப்பக்கம் என்பதே கிடையாது. கண் நன்றாகத்தான் இருக்கிறது, மூளைதான் அந்தப் பாதியைச் சேர்த்துக்கொள்வதில்லை என்றார் டாக்டர். தட்டில் பாதிச் சோற்றை வைத்துக்கொண்டே இன்னும் பசிக்கிறது என்பான். பாதி முகத்தை மட்டும் சவரம் செய்துகொண்டு மச்சினிச்சி கல்யாணத்துக்குப் போய், பந்தியில் பாயசத்தைவிட அதிகம் பேசப்பட்டவன்.

காலையில் மனைவி சரண்யா புதுக்கோட்டைக்கு வேலைக்குக் கிளம்பினாள். முதல் நாள்.

“எங்க ஆத்தாவ வரச் சொல்லட்டுமாங்க?”

“ஒங்க ஆத்தா வந்தா என்னையும் தூளியில போட்டு ஆட்டும். நீ போ. எம்புள்ளைய நான் பாத்துக்க மாட்டேனா?”

அவள் சிரிக்கவில்லை. “பாப்பாவக் காணோம்னா வலப்பக்கமாவே முழுசா ஒரு சுத்து சுத்திப் பாருங்க. அப்பவும் தெரியலைனா போன் போடுங்க. வீம்பு பண்ணாதீங்க.”

போன் செய்தால் வேலையை விட்டுவிட்டு ஓடி வருவாள். அப்புறம் இந்தக் குழந்தையை அவனை நம்பி யாரும் விடமாட்டார்கள். என்றைக்குமே.

வலப்பக்கமாகத் திரும்பினான். பீரோ. சன்னல். தாழிட்ட கதவு. மறுபடியும் தூளி. முழுச் சுற்று. குழந்தை இல்லை.

அப்போது கேட்டது. துணிக்குள் மூக்கை உறிஞ்சுவதுபோல ஒரு சின்னச் சத்தம். மிக அருகில்.

மறுபடி சுற்றினான். சத்தமும் கூடவே சுற்றியது. அவன் வேகமாகத் திரும்பினால் வேகமாக. மெல்லத் திரும்பினால் மெல்ல.

“ஹரிணி... அப்பா இங்கிட்டு இருக்கேன்டா...”

வலக்கையை நீட்டி, இல்லாத அந்தப் பாதிக்குள் துழாவினான். மெல்லிய முடி. வியர்த்த நெற்றி. அதற்குக் கீழே, குழந்தையை இறுக்கி அணைத்து, மூக்கையும் வாயையும் பொத்திக்கொண்டு, ஒரு கை.

ஆம்பளைக் கை. தடித்த, சில்லிட்ட விரல்கள்.

“எவன்டா நீ? விடுடா! எம்புள்ளைய விடுடா!”

விரலை முறுக்கினான். கிள்ளினான். குனிந்து கடித்தான். வாயில் உப்புக் கரித்தது. எவனும் கத்தவில்லை.

மணிக்கட்டைத் தடவினான். முழங்கை. தோள். எவனாயிருந்தாலும் நெரித்துவிடுவது என்று பாய்ந்த வலக்கையில் கழுத்து அகப்பட்டது.

ஆத்மநாதனின் சொந்தக் கழுத்து.

அந்தக் கை விடவில்லை. இறுகியது.

உறிஞ்சும் சத்தம் நின்றுவிட்டது.