கொதிநீரில் சிங்கப்பூர் பலகை

"ஐயோ... முதலாளீ...!"

தெற்கு ரத வீதியின் புது ஜவுளிக்கடைக்குள் இருந்து அலறல்.

பலகை பாவிய மாடித் தளத்தில் ஒரு பலகை முறிந்து, கீழே சிமெண்ட் தரையில் விழுந்து கிடந்தார் கடை முதலாளி பெருமாள்சாமி.

உயிர் இல்லை!

உடல் ஆஸ்பத்திரிக்குப் போனதும், பலகையை விற்ற ஜெயசிங்கின் சட்டைக் காலரைப் பிடித்து மாடிக்கு இழுத்து வந்தார் எஸ்.ஐ. மருதப்பன்.

"ஒட்டுப் பலகையை வித்து ஒரு உசிரை எடுத்துட்டியேலே!"

"அன்னைக்கே சொன்னேன்லா சார்!"

படியருகே நின்று கத்தினார் சௌந்தரபாண்டியன். 1983-ல் ஜெயசிங் சிங்கப்பூர் பலகை என்ற பிளைவுட்டை இறக்கும் வரை, ஊரில் தேக்கு வியாபாரம் முழுக்க அவர் கையில்தான்.

"பாதி விலைக்குக் குடுக்கான்னா சும்மாவா? மேல தாள் கனத்துக்குத் தேக்கு, உள்ள குப்பை! உள்ள தூக்கிப் போடுங்க இவனை!"

ஜெயசிங் கணக்குப் போட்டுப் பார்த்தான். கடை போகும். மானம் போகும். அப்புறம் ஜெயில்...!

முறிந்த பலகைத் துண்டை எடுத்தான். விளிம்பை முகர்ந்தான்.

"சார்... ஒரு சட்டி வெந்நீர் வேணும்!"

"டீ குடிக்கிற நேரமாலே இது?"

"என் பலகை ஏழு ஏடு சார். ஒரு ஏட்டுல மர ரேகை நீளவாக்குல ஓடும். அடுத்ததுல குறுக்கால. ஒண்ணை ஒண்ணு இழுத்துப் பிடிக்கும். அதான் வளையாது. ஒட்டியிருக்கது ரசாயனப் பசை. வேக வச்சாலும் பிரியாது!"

எதிர் டீக்கடை சலாவுதீன் பம்ப் ஸ்டவ்வும் சட்டியுமாக வந்தார்.

"டீத்தூள் போடவா வே?"

முறிந்த துண்டு உள்ளே போனது. பக்கத்துப் பலகையில் அறுத்த துண்டும்.

அரை மணி நேரம்...

பக்கத்துத் துண்டு கல்லாட்டம் கிடந்தது. முறிந்தது... பரோட்டா மாதிரி ஏடு ஏடாகப் பிரிந்தது!

"புளியங்கொட்டைப் பசை சார்! நம்ம ஊர்த் தறிக்காரங்க பாவு நூலு வெறைக்கப் போடுததுல்லா! வெந்நீர்ல கரைஞ்சிரும்! எவனோ இங்கனயே போலி செஞ்சு மாத்தி வச்சிருக்கான்!"

"எவன்லே?"

"தெரியலியே சார்..."

மருதப்பன் சட்டியோடு ஜன்னலோரம் போனார்.

"அண்ணாச்சி, இங்கன வந்து இதைப் பாருங்க."

சௌந்தரபாண்டியன் வந்தார். ஓரடி... ஈரடி... சட்டென்று வேட்டியைத் தூக்கிப் பிடித்து, ஒரு பலகையை எட்டித் தாண்டினார்!

மருதப்பனின் கண்கள் சுருங்கின.

"அதை ஏன் வே தாண்டுதீரு?"

"அ... அழுக்கா இருந்துச்சு..."

"பளபளன்னுல்லா இருக்கு! ஏறி நில்லும், பாப்போம்!"

சௌந்தரபாண்டியன் சுவரோரம் ஒதுங்கினார்.

பலகையைப் பெயர்த்துத் துண்டு அறுத்தார்கள். சட்டிக்குள் அதுவும் பிரிந்தது!

"நேத்து ஜன்னல் மாட்ட வந்தது இவரும் இவரு ஆசாரியும்தான் சார்!" ஜெயசிங் கத்தினான்.

"எவனாவது விழுந்து காலு முறியும்... இவன் பலகைப் பேரு கெடும்னுதான்... சாவாருன்னு நெனைக்கல சார்..." சௌந்தரபாண்டியன் ஒப்புக்கொண்டார்.

விலங்கு பூட்டப்பட்டது.

ஜெயசிங் காலரைச் சரி செய்துகொண்டான்.

"மூணு வருசமா என் பலகையை நம்பாதீங்கன்னு ஊரெல்லாம் சொன்னீங்க அண்ணாச்சி... கடைசியில ஒங்க பலகையை நீங்களே நம்பலியே!"